நண்டலாற்றின் இரு கரைகளில் இரண்டு பதிவேடுகள்

என் அப்பாயி எந்த ஆண்டில் பிறந்தார் என்ற ஒரே கேள்விக்கு விடை காண எனக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. எங்கள் வீட்டு மரப்பெட்டியில் கிடந்த அவருடைய ஜாதகக் குறிப்பு பழுப்பேறிய ஒற்றைத் தாள். அதன் வலது ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. முதல் வரியில் ‘விரோதி’ என்பது வரை எழுத்துகள் மிஞ்சியிருந்தன. அடுத்த வரி ‘கார்த்திகை௴ 13’ என்று தொடங்கியது. குடும்பத்தில் எல்லோரும் அதை விரோதி ஆண்டு என்றே படித்து, 1889 என்று கணக்குப் போட்டு, 1958-இல் காலமானபோது அப்பாயிக்கு எழுபது வயது ஆகவிருந்தது என்று சொல்லிவந்தார்கள். நானும் பல காலம் அதையே நம்பியிருந்தேன்.

ஆனால் என் கடைசி அத்தை பிறந்தது 1940-இல். அப்படியானால் அப்பாயி ஐம்பத்தொரு வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த நாளில்தான், தமிழ் ஆண்டுகளின் அறுபது பெயர்களில் ‘விரோதி’ என்று தொடங்குபவை இரண்டு என்பது எனக்கு உறைத்தது. 23-ஆவது ஆண்டு விரோதி; அது 1889-லும் 1949-லும் வந்தது. 45-ஆவது ஆண்டு விரோதிகிருது. அது 1911-லும் 1971-லும் வந்தது. கறையான் தின்ற இடத்தில் வருடத்தைக் குறிக்கும் ‘௵’ என்ற குறி மட்டும் இருந்ததா, ‘கிருது’ என்ற மூன்று எழுத்துகளும் இருந்தனவா என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இதேபோல் பிரமாதி (1879, 1939), பிரமாதீச (1913, 1973) என்ற இரண்டும் குழப்பும். பழைய குறிப்பில் தமிழ் ஆண்டைப் படிப்பவர்கள், பெயரை முழுமையாகப் படித்தோம் என்று உறுதியாகும் வரை, பொருந்தக்கூடிய ஆங்கில ஆண்டுகள் அனைத்தையும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஓர் ஆண்டை மட்டும் குறித்துவிட்டால் அதுவே சில நாட்களில் உண்மையாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

எங்கள் ஊர் நண்டலாற்றுக்கு வடக்கே, பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில், பொறையாற்றுக்கு அருகில் இருக்கிறது. அப்பாயி பிறந்தது ஆற்றுக்கு அப்பால், காரைக்காலைச் சேர்ந்த நெடுங்காட்டுப் பக்கம். இன்று பேருந்தில் அரை மணி நேரத்துப் பயணம். அவர் வாக்கப்பட்டு வந்த காலத்தில் அது பிரெஞ்சு எல்லையிலிருந்து பிரிட்டிஷ் எல்லைக்கு வந்த பயணம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு இந்தியாவின் நிர்வாகம் இந்தியாவிடம் வரும் வரை அந்த ஆறு இரண்டு அரசுகளுக்கு இடையில் ஓடியது. ஆகவே என் தேடலும் இரண்டு விதமான பதிவேடுகளுக்குள் போக வேண்டியிருந்தது. சில மைல் இடைவெளியில் ஒரே மொழி பேசி, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மக்களை இரண்டு அரசுகளும் எவ்வளவு வேறுபட்ட கண்களால் பார்த்தன என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு என்பது சுகாதாரத் துறையின் பிள்ளை. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் போரில் மடிந்ததைவிட நோயில் மடிந்தது அதிகம் என்று ஆராய்ந்த அரச ஆணையம் 1863-இல் அறிக்கை தந்தது. அதன் பின்னர் மாகாணந்தோறும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. எந்த ஊரில் எத்தனை பேர் வாந்திபேதியால் செத்தார்கள், எத்தனை பேர் அம்மையால் செத்தார்கள் என்ற எண்ணிக்கை அவற்றுக்குத் தேவைப்பட்டது. அந்த எண்ணிக்கையைத் தரும் வேலை கிராம முன்சீப்பின் தலையில் விழுந்தது. 1886-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் தானாக முன்வந்து பதிவதற்கான சட்டம். அது பெரும்பாலும் கிறித்தவர்கள் முதலிய சில பிரிவினருக்கே பயன்பட்டது. 1899-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம்தான் கிராமப்புறப் பதிவுக்கு ஒரு சட்ட வடிவம் கொடுத்தது. அதன் பிறகும் பதிவேட்டின் நோக்கம் எண்ணிக்கையாகவே இருந்தது. ஊரில் அதை ‘ஜனன மரணக் கணக்கு’ என்றார்கள். அந்தச் சொல் மிகச் சரியானது. அது ஆட்களின் ஏடு அன்று, கணக்கு.

அந்தக் கணக்கில் என் தகப்பனாரைத் தேடியபோது இது நேரடியாகப் புரிந்தது. பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்கான கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாகவே கிடந்தது. ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. பிறப்பைச் சொன்னவர் என்ற இடத்தில் பெரும்பாலும் தலையாரி. அவர் வாரத்துக்கு ஒரு முறையோ, முன்சீப் கேட்ட நாளிலோ, நினைவிலிருந்த பிறப்புகளையும் சாவுகளையும் சொல்லியிருப்பார் என்பது, ஒரே தேதியில் நாலைந்து நிகழ்வுகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் வரிசையாக இருப்பதைப் பார்த்தால் தெரியும். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் 1934 ஜூன் 1 என்று இருக்கிறது. அது பள்ளியில் சேர்த்த நாளில், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டவுடன் ஆசிரியர் எழுதிய தேதி. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்களாக இருப்பது இதனால்தான். நான் 1932 முதல் 1935 வரை நான்கு ஆண்டுகளின் பக்கங்களை வரிவரியாகப் படித்து, தாத்தாவின் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் சேர்ந்து வரும் பதிவுகளை மட்டும் எடுத்தேன். அந்த நான்கு ஆண்டுகளில் அந்தத் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தைதான் பிறந்திருந்தது: 1934 ஜனவரி, பெயர் இல்லை. அதுதான் அப்பா. பெயர் இல்லாத ஒரு வரியை ‘இவர்தான்’ என்று உறுதி செய்ய வேண்டுமென்றால், அந்த வரியை மட்டும் பார்த்துப் பயனில்லை; முன்னும் பின்னும் சில ஆண்டுகளுக்கு அதே பெற்றோருக்குப் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் எடுத்து, வேறு யாரும் அந்த இடத்தில் பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும்.

இறப்புப் பதிவில் நிலைமை சற்று வேறு. பெயர் இருக்கும், தகப்பன் அல்லது கணவன் பெயர் இருக்கும், சாதி இருக்கும், வயது இருக்கும், சாவுக்குக் காரணம் இருக்கும். ஆனால் காரணத்தை எழுதியவர் மருத்துவர் அல்லர். வாந்திபேதி, அம்மை, பிளேக், ஜுரம், வயிற்றுக்கடுப்பு, மூச்சு நோய், காயம், இதர காரணம் என்று மேலிடம் கொடுத்த சில தலைப்புகளில் ஒன்றில் எல்லாச் சாவும் அடங்கியாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் இறந்த இளம்பெண்ணும், எலும்புருக்கி நோயில் இறந்த கிழவரும் ‘ஜுரம்’ என்ற ஒரே சொல்லில் போய்விடுவார்கள். வயதோ, சொன்னவரின் கண்மதிப்பு. ஐந்திலும் பூச்சியத்திலும் முடியும் வயதுகள் அந்தப் பக்கங்களில் குவிந்து கிடக்கும். அப்பாயியின் இறப்புப் பதிவை 1958 மார்ச் மாதத்துப் பக்கத்தில் கண்டேன்: ஜுரம், வயது 60. அதன்படி அவர் பிறந்தது 1898. அது 1889-க்கும் பொருந்தவில்லை, 1911-க்கும் பொருந்தவில்லை. பதிவேட்டைக் கண்டுபிடித்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்த எனக்கு, குழப்பம் இரண்டிலிருந்து மூன்றானது.

இந்த ஏடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரையாக வந்த முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்த பிறகு, கிராம நிர்வாக அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பலரும் நேராக அவரிடமே போய்ப் பழைய ஏட்டைக் கேட்டு, இல்லை என்ற பதிலுடன் திரும்புகிறார்கள். ஊராட்சிப் பகுதிகளின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகங்கள் பாதுகாக்கின்றன. வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் பிறந்தவர்களுக்கு அந்தந்த அமைப்பின் சுகாதாரப் பிரிவு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கட்டணம் செலுத்தும் எவரும் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்கவும் நகல் பெறவும் இடம் தருகிறது. இறப்புக்கான நகலில் மட்டும் சாவின் காரணத்தை வெளியிடக் கூடாது. மனுவில் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, ஓர் ஆண்டுக்குப் பதிலாக ஓர் ஆண்டு வரம்பைக் கொடுத்துத் தேடச் சொல்வதே நல்லது. தேடிக் கிடைக்கவில்லை என்றால் ‘பதிவில் இல்லை’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். எந்த ஆண்டுகள் தேடப்பட்டன என்பதற்கு அதுவே பின்னாளில் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

அந்தத் தாளையும் முற்றாக நம்பிவிடக் கூடாது என்பதை ஓர் அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன். 1930-ஆம் ஆண்டின் ஏடே இல்லை என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து வேறு ஒரு தேவைக்காக அங்கே போனபோது, 1933-ஆம் ஆண்டின் கட்டுக்குள், தலைகீழாகத் தைக்கப்பட்ட நிலையில் அந்த ஏடு கிடைத்தது. கட்டின் முதுகில் எழுதியிருந்த ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு முதல் முறை பதில் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தக் கட்டையும் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரு முறையாவது புரட்டச் சொல்லிப் பணிவாகக் கேட்கிறேன். சிலர் மறுப்பார்கள், பலர் உடன் அமர்ந்து புரட்டுவார்கள். பழைய ஏட்டைத் தொட்டுப் பழகிய ஊழியர் ஒருவரின் ஒரு மணி நேரத்துப் பொறுமைக்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

இனி ஆற்றுக்கு அந்தக் கரை. பிரான்சில் பிறப்பு, திருமணம், இறப்பைக் கோயில் குருமாரின் கையிலிருந்து எடுத்து அரசிடம் ஒப்படைத்தது 1792 செப்டம்பர் 20-ஆம் நாள் சட்டம். 1804-இல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டம், ஒருவர் யார், யாருடைய பிள்ளை, யாருக்கு வாரிசு என்பதை நிறுவும் ஆதாரமாக அந்தப் பதிவை ஆக்கியது. இங்கே நோக்கம் எண்ணிக்கை அன்று. சட்டத்தின் முன் ஓர் ஆளை நிறுத்துவது. 1819 ஜனவரி 6-ஆம் நாள் ஆணை, பிரெஞ்சுச் சட்டங்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தபோதே, இந்தியர்கள் தத்தம் சாதி, சமய வழக்கங்களின்படியே நீதி பெறுவார்கள் என்று விலக்கும் கொடுத்தது. சிவில் பதிவும் திருமணமும் குறித்த விதிகளை இந்தியக் குடிகளுக்கும் விரிவாக்கியது 1880-ஆம் ஆண்டின் ஆணை. அதே ஆண்டு பிரெஞ்சு இந்தியா பத்து கொம்யூன்களாக, அதாவது உள்ளாட்சிப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. காரைக்காலில் மூன்று: காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேரி (நகராட்சி அலுவலகம்), ஒவ்வொரு மேரியிலும் ஒரு பதிவேடு. எங்கள் அப்பாயியின் ஊர் இந்த மூன்றில் ஒன்றின் கீழ் வந்தது எனக்குக் கிடைத்த பெரிய வசதி.

அந்தப் பதிவேட்டில் ஒரு பிறப்புக்கு ஒரு வரி இல்லை. ஒரு பத்தி உண்டு. ஆண்டு, மாதம், நாள் எல்லாம் எண்ணில் இல்லாமல் எழுத்தில். அறிவிப்பவரின் பெயர், வயது, தொழில், குடியிருக்கும் இடம்; குழந்தை பிறந்த நாள், நேரம், பெயர்; தாயின் பெயர், வயது; சாட்சிகள் இருவர்; எல்லோருடைய கையெழுத்து, அல்லது கையெழுத்துப் போடத் தெரியாது என்ற குறிப்பு. பிறந்து மூன்று நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சிவில் சட்டத்தின் விதி. இதைவிட முக்கியமானது படிகளின் எண்ணிக்கை. 1776-ஆம் ஆண்டின் அரச ஆணை ஒன்று, குடியேற்றங்களின் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு படி எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்தது. கப்பலிலும் கறையானிலும் ஈரத்திலும் ஏடுகள் அழிந்துபோகும் என்ற அச்சம்தான் காரணம். அப்படிப் போன படிகள் இன்று ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகளின் பக்கங்களைப் படமாக எடுத்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். உள்ளூர் ஏடு சிதைந்திருந்தால் அங்கே தேடிப் பார்க்கலாம். ஆற்றின் வடகரையில் ஓர் ஏடு போனால் போனதுதான்.

இவ்வளவு வசதி இருந்தும் முதல் இரண்டு பயணங்களில் நான் வெறுங்கையுடன் திரும்பினேன். தவறு என்னுடையதுதான். பத்தாண்டுக்கு ஒரு முறை பெயர்களை அகரவரிசையில் தொகுத்த அட்டவணை ஒன்று இந்தப் பதிவேடுகளுக்கு உண்டு. அதில் தேடினால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சுக்காரர் காதால் கேட்டு எழுதியிருக்கிறார் என்பதை நான் மறந்துவிட்டேன். செல்லம்மாள் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். நாம் எஸ் எழுத்தின் கீழ் தேடுவோம். அவர் சி, எச் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கியிருப்பார். முத்து என்ற பெயரின் உகரத்துக்கு ஓ, யு என்ற இரண்டு எழுத்து சேரும். அம்மாள் என்பதன் முடிவில் இரண்டு எல்லும் ஓர் ஈயும் வரும். சுப்பராய பிள்ளை ‘சுப்ராயபுல்லே’ ஆகி, ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதால் அட்டவணையில் ஆளின் பெயரே தலைப்பில் நிற்கும். தகப்பன் பெயரின் கீழ் தேடினால் கிடைக்காது. இதனால் ஒரு பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எழுதக்கூடிய எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவதை வழக்கமாக்கினேன். அப்பாயியின் பெயருக்கு மட்டும் ஏழு வடிவங்கள் எழுதினேன், கிடைத்தது ஆறாவது.

பெயர் தொடர்பாக இன்னொரு பொறியும் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, இந்தியர்கள் தம் சாதி, சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நீதிமன்றத்துக்குள் ஐரோப்பிய முறைப்படி காலணி அணிந்து வந்ததற்காக 1873-இல் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ‘லா போர்த்’ என்ற பெயரை ஏற்றது பலரும் அறிந்த செய்தி. அத்தகைய குடும்பங்களில் தகப்பன் பதிவுக்கும் மகன் பதிவுக்கும் இடையில் பெயர் முற்றிலும் மாறியிருக்கும். புதுச்சேரி, காரைக்கால் பக்கம் வேர் உள்ளவர்கள் 1881-ஐ ஒட்டி வம்சம் திடீரென்று அறுந்துபோனால், ஆள் மறைந்துவிட்டார் என்று முடிவு செய்வதற்கு முன் பெயர் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

அப்பாயியின் பிறப்பை எனக்குத் திறந்து காட்டியது அவருடைய பதிவு அன்று, என் பெரியப்பாவின் பதிவு. பெரியப்பா எங்கள் ஊரில் பிறந்தார் என்று நினைத்து ஆற்றின் வடகரையில் இரண்டு ஆண்டுகள் தேடினேன். 1929 முதல் 1932 வரை அவருடைய சுவடே இல்லை. ஒரு நாள் அத்தையிடம் இதைச் சொல்லி வருந்தியபோது, “தலைச்சன் பிள்ளைய இங்க எப்படிடா பெறுவா? அவ அம்மா வீட்டுலதான் பெத்திருப்பா” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மில் யாருக்குத் தெரியாது? ஆனால் அலுவலகங்களில் அலைந்த நாட்களில் அந்த அறிவை நான் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். தமிழ்க் குடும்பத்தின் மூத்த பிள்ளையைத் தேடுகிறவர் தாயின் ஊர் ஏட்டில் தொடங்க வேண்டும். இளைய பிள்ளைகளைத் தகப்பன் ஊரில் தேடலாம். நான் எழுதிவரும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நெடுங்காட்டுப் பதிவேட்டில் பெரியப்பா 1931 ஜூன் மாதத்தில் இருந்தார். தாத்தா ஆற்றுக்கு அப்பால் பிரிட்டிஷ் எல்லையில் இருந்ததால், பிறப்பை அறிவித்தவர் அப்பாயியின் தகப்பனார். தாயின் வயது என்ற இடத்தில் பத்தொன்பது என்று எழுத்தில் எழுதியிருந்தது. அந்த ஒரு சொல் 1889-ஐயும் 1898-ஐயும் ஒருசேர அடித்துவிட்டது. உடனே 1911-ஐ உள்ளடக்கிய அட்டவணையைக் கேட்டு, ஏழு வடிவங்களையும் வைத்துக்கொண்டு தேடினேன். ஏடு வந்தது, பக்கம் கிடைத்தது. 1911 நவம்பர் 30 அன்று வந்து அறிவித்தவர், இரண்டு நாட்களுக்கு முன்பு, நவம்பர் 28 அன்று, தமக்கு ஒரு பெண் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு கார்த்திகை 13 நவம்பர் 28-இல் வந்தது. ஜாதகத்தில் அழிந்த எழுத்துகள் ‘கிருது’தான்.

அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே முழுவதும் சாய்ந்த பிரெஞ்சு எழுத்து, தூவலின் அழுத்தத்தில் தடித்தும் மெலிந்தும் ஓடுகிறது. அதன் கீழே தமிழில், சற்று நடுங்கிய கோட்டில், புள்ளி வைக்காமல், ஒரு பெயர். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் நாம் எழுதிவந்தபடியே, ‘ணா’வில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு வளைந்து இணைந்திருந்தது; ‘லை’யில் துதிக்கைபோல் மேலேறிய கொம்பு, மேல் வரியின் பிரெஞ்சுச் சொல் ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. 1931-ஆம் ஆண்டுப் பக்கத்தின் நகலை எடுத்து அருகில் வைத்தேன். அதே பெயர், அதே வளைவு, அதே துதிக்கை. முதல் பக்கத்தில் அவர் மகள் பிறந்ததைச் சொல்ல வந்தவர். இரண்டாவதில் அந்த மகளுக்குப் பிள்ளை பிறந்ததைச் சொல்ல வந்தவர். இடையில் இருபது ஆண்டுகள். இருவரும் ஒருவரே என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் வயதை நம்பியிருந்தால் தடுமாறியிருப்பேன்: 1911-இல் அவருக்கு 27 என்றும், 1931-இல் 50 என்றும் எழுதியிருக்கிறது. தம் வயதைத் தாமே சொல்லும்போதும் மக்கள் மூன்று ஆண்டுகளைக் கூட்டியோ குறைத்தோதான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். 1911-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்த இரண்டு சாட்சிகளும் உறவினர் என்று நினைத்து மகிழ்ந்துபோய், அவர்களுடைய வம்சத்தைத் தேடப் புறப்பட்டேன். பிறகு அதே ஏட்டின் முன்பின் பக்கங்களைப் பார்த்தபோது, அந்த இருவரே அந்த ஆண்டின் பெரும்பாலான பதிவுகளுக்குச் சாட்சிகள் என்று தெரிந்தது. மேரியின் வாசலில் கிடைத்தவர்கள் அவர்கள். சாட்சியை உறவு என்று கொள்வதற்கு முன் பத்துப் பக்கமாவது புரட்டிப் பார்க்க வேண்டும். மற்றொன்று, எனக்கு முதலில் தந்த தட்டச்சு நகலில் அப்பாயியின் தகப்பனார் பெயரில் இரண்டு எழுத்துகள் மாறி, வேறு ஆளாகவே ஆகியிருந்தார். நகலெடுத்த ஊழியருக்குப் பழைய பிரெஞ்சுக் கையெழுத்து பழக்கமில்லை. பெயர்த்தெழுதிய நகலுடன், மூலப் பக்கத்தின் ஒளிநகலையும் அனுமதி பெற்று வாங்கிவிட வேண்டும். கையெழுத்து, அடித்தல் திருத்தல், ஓரத்தில் பின்னாளில் சேர்த்த குறிப்பு ஆகியவை தட்டச்சு நகலில் வருவதே இல்லை.

திருமணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் எனக்குக் கிடைத்தது குறைவு. வடகரையில் இந்துத் திருமணங்களுக்கு அரசுப் பதிவு என்பதே அந்தக் காலத்தில் இல்லை. 1872-ஆம் ஆண்டின் கிறித்தவத் திருமணச் சட்டம், தனித் திருமணச் சட்டம் ஆகியவற்றின் கீழ் வந்தவர்களுக்கு ஏடு உண்டு. ஜமாஅத்துகளில் நிக்காஹ் புத்தகம் உண்டு. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் பதிவு கட்டாயமானது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். தென்கரையில் திருமணப் பதிவேடு இருந்தும், சாத்திரப்படி மணம் செய்துகொண்டு மேரிக்கே போகாதவர்கள் பலர். என் தாத்தாவும் அப்பாயியும் அவர்களில் சேர்த்தி. 1930-இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதற்குத் தப்பச் சிறு பெண்களின் திருமணத்தைப் பிரெஞ்சு எல்லைக்குள் போய் நடத்தியவர்களும் இருந்தார்கள் என்பதால், தஞ்சாவூர்க் குடும்பத்தின் திருமணம் ஒன்று எதிர்பாராமல் காரைக்காலில் கிடைக்கவும் கூடும். எனக்கு உதவியது அரசு ஏடு அன்று, மொய் நோட்டு. 1950-களில் நடந்த குடும்பத் திருமணம் ஒன்றின் மொய் நோட்டில், ஊர், பெயர், தகப்பன் பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருந்ததில், நெடுங்காட்டு உறவினர் பதினோரு பேர் கிடைத்தார்கள். அவர்களில் மூவரின் பிறப்பைப் பின்னர் மேரிப் பதிவேட்டில் கண்டேன். பழைய மொய் நோட்டு வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட்டுவிடாமல் பாதுகாக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தாத்தாவின் பாட்டனாரைத் தேடி இன்னும் பின்னால் போக முயன்றபோது, தாது வருடப் பஞ்சத்தில் முட்டி நின்றேன். 1876 முதல் 1878 வரையிலான அந்தப் பஞ்சத்தில் வழியிலும் முகாமிலும் செத்தவர்களை எந்தக் கிராமக் கணக்கும் முழுமையாகப் பிடிக்கவில்லை. பதிவேட்டின் எண்ணிக்கையை நம்ப முடியாமல்தான், சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், 1878-இல் பஞ்சப் பகுதிகளில் மாதிரியாகத் தலையெண்ணிக்கை எடுத்துப் பார்த்தார். அந்த ஆண்டுகளில் ஒருவருடைய இறப்பு கிடைக்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இதேபோன்ற ஒரு தவற்றை ரியூனியன் தீவிலிருந்து மூதாதையரைத் தேடி வந்த ஒருவருக்குத் துணையாகப் போனபோதும் கண்டேன். அவருடைய முன்னோர் காரைக்கால் துறைமுகத்தில் கப்பலேறியவர் என்று அவரிடம் ஆவணம் இருந்தது. ஆகவே காரைக்காலில் பிறந்தவர் என்று நினைத்து நான்கு நாட்கள் தேடினார். பிரெஞ்சுக் குடியேற்றங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர், பிரிட்டிஷ் அரசுடன் செய்துகொண்ட 1860, 1861 உடன்படிக்கைகளின்படி, பிரிட்டிஷ் எல்லையிலிருந்து திரட்டப்பட்டவர்கள். கப்பலேறிய துறைமுகம் பிறந்த ஊர் ஆகாது. அவருடைய தாளில் சிறிய எழுத்தில் மாவட்டத்தின் பெயர் இருந்தது. அதைக் கடைசி நாளில்தான் சேர்ந்து படித்தோம்.

நகல்களை எல்லாம் கோப்பில் அடுக்கிக்கொண்டு போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாயியின் பிறப்புப் பதிவை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஜாதகத் தாளையும் அருகில் வைத்தேன். அத்தை விரல்விட்டு எண்ணினார். பிறகு, “அப்ப அம்மா போகும்போது நாப்பத்தாறு வயசுதானா? தலையெல்லாம் நரைச்சுக் கிடந்துச்சேடா” என்றார். ஐந்தாறு பிள்ளை பெற்று, அவர்களில் இருவரைப் பறிகொடுத்து, வயலில் உழைத்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துத் தலையாரி அறுபது என்று மதிப்பிட்டிருக்கிறார். பெற்ற பிள்ளைகளும் அவரைக் கிழவியாகவே நினைவில் வைத்திருந்தார்கள். அத்தைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தன் தாயைவிட நாற்பது ஆண்டுகள் மூத்தவராகத் தாம் இருப்பதை அவர் அன்றுதான் அறிந்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கையெழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்தத் துதிக்கைக் கொம்பின் மேல் விரலை வைத்து மெதுவாக வரைந்து பார்த்தார். பறிகொடுத்த அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஒன்று பெரியப்பாவுக்கு அடுத்தது, ஆண். மற்றொன்று அத்தைக்கு முந்தியது, பெண். முதலாமவர் வடகரையில் நான் ஏற்கெனவே படித்த பக்கங்களில் இல்லை; ஆகவே அவரை 1932 முதல் 1933 வரை நெடுங்காட்டுப் பதிவேட்டிலும், இரண்டாமவரை 1935 முதல் 1939 வரை வடகரையின் ஜனன மரணக் கணக்கிலும் தேட மனு எழுதியிருக்கிறேன்.